வெயிலுக்கு ஆர் உறுதி எழுதுறது?

திருகோணமலை முத்துநகர் விவசாயிகளை மறந்திருக்க மாட்டீர்கள். 2025இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் நாள்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பல தசாப்தமாக நெல் விதைத்து வந்த காணி சோலார் மின்திட்டத்துக்குப் போகிறது என்பது அவர்களுடைய பிரச்சினை. காணி துறைமுக அதிகாரசபைக்குரியது என்பது அரச தரப்பின் பதில். காகிதம் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். எங்களுக்குப் புதுக்கதை இல்லை.

அந்த நாட்களில் எங்கட ஆக்களிட்ட இருந்து இரண்டு பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, படிச்ச பதில். "உதுக்கு ஏன் சண்டை? யப்பானைப் பாருங்கோ, மேல சோலார், கீழ நெல். ரெண்டும் ஒரே காணியில. விவசாயியும் வாழுவான், கரண்டும் வரும்."

இரண்டாவது, கோபப் பதில். "சோலாராம், காற்றாலையாம், எல்லாம் காணி பிடிக்கிற வேலை. எங்களுக்கு உது ஒண்டுமே வேண்டாம்."

இரண்டுமே சோம்பேறிப் பதில்கள் என்பது என் கட்சி. முதலாவது, பனலுக்குக் கீழே நிற்கப்போகிற மனிதருடைய உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாவது, அந்த மனிதர் இப்போதே கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ளவில்லை. நெல்லையும் சோலாரையும் ஒரே வயலில் வைக்கலாம். அந்த வயலில் விழுகிற வெயிலை விற்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் எழுத்தில் தீர்க்காவிட்டால், அதுவும் காணி பறிப்பின் இன்னொரு வடிவம்தான். கொஞ்சம் நெல்லுப் பச்சை பூசின வடிவம்.

தொழில்நுட்பம் பொய் இல்லை

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு வோல்ட், அம்பியர் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். தெரிந்ததில் இருந்தே தொடங்குகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. ஜேர்மனியில் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர், ஆர்மின் சாஸ்ட்ரோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்திலேயே, பனல்களை உயரத்தில் இடைவெளி விட்டு வைத்தால் கீழே உருளைக்கிழங்கு செய்யலாம் என்று எழுதினார்கள். யப்பானில் அகிரா நகஷிமா 2000களின் தொடக்கத்தில் இதைச் 'சோலார் ஷேரிங்' என்று வளர்த்தெடுத்தார். அவருடைய தர்க்கம் எளிமையானது. ஒரு பயிர் ஓரளவு வெளிச்சம் வரைக்கும்தான் அதைப் பயன்படுத்தும். அதற்கு மேல் விழுகிற வெயிலால் அதன் உணவுத் தயாரிப்புக் கூடாது. அந்த எல்லைக்கு ஒளி நிறைவுப் புள்ளி என்று பெயர். மிஞ்சுகிற வெயிலைப் பனல் எடுக்கட்டுமே என்றார் நகஷிமா.

நெல்லிலும் பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளிவந்த டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று, நிழல் 27 முதல் 39 வீதத்துக்குள் இருந்தால் வழக்கமான நெல் விளைச்சலில் 80 வீதத்தையாவது காப்பாற்றலாம் என்று கணக்கிட்டது. அந்த 80 சும்மா வந்த எண் இல்லை. 2013இல் யப்பானிய விவசாய அமைச்சு வயல்களில் பனல் வைக்க அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனை அது: அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலில் இருந்து 20 வீதத்துக்கு மேல் குறையக் கூடாது. பிரான்ஸ் 2024இல் போட்ட ஆணை இன்னும் இறுக்கம். அங்கே 90 வீத விளைச்சல் கட்டாயம்.

ஆக, "மேல சோலார், கீழ நெல்" நடக்கிற காரியம். ஆனால் முதலாவது பதிலைச் சொல்லுகிற ஆட்கள் யப்பானின் படத்தை மட்டும் கொண்டுவருகிறார்கள், யப்பானின் நிபந்தனையைக் கொண்டுவருவதில்லை. நிபந்தனை இருந்த யப்பானிலேயே, பேருக்குக் கொஞ்சம் பயிரை வைத்துக்கொண்டு கரண்டை மட்டும் விற்ற ஆட்கள் வந்தார்கள். அதனால் 2024இல் விதிகளை இன்னும் இறுக்க வேண்டி வந்தது. கமக்காரருக்குப் பலமான சங்கங்களும், ஒவ்வொரு வருடமும் விளைச்சல் அறிக்கை கேட்கிற நிர்வாகமும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதை என்றால், இங்கே?

எங்கட மழை, எங்கட மிசின்

டோக்கியோக் கணக்கை அப்படியே கிளிநொச்சிக்கு இறக்குமதி செய்யவும் ஏலாது. யப்பானில் நெல் விளைவது கோடையில். எங்கட பெரிய போகம் காலபோகம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை, மார்கழி மழைக்குள்ளே வளர்ந்து, தை, மாசியில் வெட்டுகிற நெல். வடகீழ்ப் பருவ மழையின் மூட்டத்துக்குள் பயிருக்கு 'மிஞ்சின' வெயில் எவ்வளவு இருக்கும்? வானமே நிழல் போட்டுவைத்த நாட்களில் அதற்கு மேல் பனலும் நிழல் போட்டால் கதிர் குறையும். சிறுபோகத்தில் கதை மாறலாம். எரிக்கிற வெயிலிலும் வறண்ட காற்றிலும் கொஞ்ச நிழல் தண்ணீரை மிச்சம் பிடிக்கக்கூடும். குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோக ஏக்கரைத் தீர்மானிக்கிற ஊர்களில் அது சின்ன விசயம் இல்லை. ஆக ஒரே வயலில், ஒரே பனலுக்குக் கீழே, இரண்டு போகத்துக்கும் இரண்டு விடை வரலாம். இங்கே விதைத்துப் பார்க்காமல் ஒருவரும் அதைச் சொல்ல முடியாது.

இன்னும் இருக்கு. எங்கட பக்கம் பெரும்பாலும் வீசி விதைப்புத்தான், நாற்று நடுகை குறைவு. பனலின் விளிம்பில் சேர்ந்து ஒரே கோட்டில் கொட்டுகிற மழைத்தண்ணீர், விதைத்த புழுதியில் என்ன செய்யும்? விதையை அள்ளிக்கொண்டு போகும். வெட்டு மிசின் பனலுக்குக் கீழே போக வேண்டும் என்றால் மிசினின் உயரத்துக்கு மேலே, தூண்களுக்கு இடையில் மிசின் திரும்புகிற அகலத்தோடு கட்ட வேண்டும். ஜேர்மனியில் ஹெகல்பாக் என்ற இடத்தில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் 2016இல் வைத்த பரிசோதனைத் திட்டத்தில், உழவு மிசினும் வெட்டு மிசினும் போகவேண்டும் என்றே பனல்களை ஐந்து மீற்றர் உயரத்துக்குத் தூக்கினார்கள். உயரம் கூடக் கூட இரும்பும் கூடும், செலவும் கூடும். செலவைக் குறைக்க நினைக்கிற கொம்பனி முதலில் கை வைப்பது அந்த உயரத்தில்தான். தாழ்த்திக் கட்டிவிட்டு, "நீங்கள் கையால வெட்டுங்கோவன்" என்பார்கள். கையால் வெட்ட இன்றைக்கு ஆள் எங்கே? கூலி எவ்வளவு? இரண்டு போகம் நட்டப்பட்டால் மூன்றாம் போகம் விவசாயி தானாகவே விதைக்காமல் விட்டுவிடுவார். பிறகு அவர்கள் சொல்லுவார்கள்: "பாருங்கோ, நாங்கள் இடம் குடுத்தனாங்கள், அவையள்தான் செய்யேல்லை."

காற்றையும் மறக்க ஏலாது. 1978 கார்த்திகையில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைப் பற்றி அம்மம்மாக்கள் இன்னும் கதைக்கிறார்கள். 2025 கார்த்திகையில் டித்வா வந்துபோனதை நாங்களே பார்த்தோம். ஈரச் சேற்றில் நிற்கிற நாலு மீற்றர்த் தூண்களுக்கு அப்படியான காற்றில் என்ன நடக்கும், விழுந்தால் யாருடைய பயிர் அழியும், நட்டஈட்டை யார் கட்டுவது? இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகள்.

ஒரு ஏக்கரின் கணக்கு

இனி உண்மையான இடத்துக்கு வருவோம். காசு.

ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீற்றர். அதில் 30 வீதத்தைப் பனலால் மூடினால் 1,200 சதுர மீற்றர். இன்றைக்குச் சந்தையில் உள்ள பனல் சதுர மீற்றருக்கு 200 வாட் அளவில் கொடுக்கும். ஆக 240 கிலோவாட். எங்கட வெயிலில் ஒரு கிலோவாட் வருடத்துக்கு ஏறத்தாழ 1,400 யுனிட் தரும் என்று வைத்தால், மொத்தம் 3 இலட்சத்து 36 ஆயிரம் யுனிட். ஒரு பேச்சுக்கு யுனிட்டுக்கு 15 ரூபா என்று போடுங்கள். வருடத்துக்கு 50 இலட்சம் ரூபா.

இப்போது நெல். நல்ல நீர்ப்பாசன வயலில் ஏக்கருக்கு 1,800 கிலோ என்று வைப்போம். இரண்டு போகமும் செய்தால் 3,600 கிலோ. 2025இல் அரசு அறிவித்த நாட்டு நெல் உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபா. அந்த விலையே முழுதாகக் கிடைத்தாலும் 4 இலட்சத்து 32 ஆயிரம். யாழ்ப்பாணத்து மானாவாரி வயல் என்றால் ஒரே ஒரு போகம், பாதிக் காசு. இரண்டிலும் செலவு கழிக்கவில்லை. சோலாருக்கு முதலீடு கோடிக்கணக்கில் போகும். அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள். ஒரே நிலத்தில், தலைக்கு மேலே போகிற காசு, காலுக்குக் கீழே விளைகிற காசைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

இந்த விகிதத்தில்தான் எல்லாம் இருக்கு. பத்து ரூபா வருமானத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபா வருமானம் நின்றால், அந்த ஒரு ரூபாவுக்காக ஆர் கவலைப்படுவார்? கொம்பனிக்கு நெல் ஒரு இடைஞ்சல். பனல் கழுவ வருகிறவனுக்குச் சேறு இடைஞ்சல், வயருக்கு எலி இடைஞ்சல். அனுமதிப் பத்திரத்துக்கு மட்டும்தான் நெல் தேவை. அதனால் அனுமதி கிடைக்கிற வரைக்கும் நெல் இருக்கும். அதற்குப் பிறகும் நெல்லை இருக்கச் செய்வது சட்டமும் உரித்தும் மட்டும்தான். நல்லெண்ணத்தை நம்பி விட முடியாது.

கோடிக்கணக்கான முதலீடு என்றேன். அதை எந்தக் கமக்காரரால் போட முடியும்? எங்கட ஊர்களில் கனபேரிடம் உறுதி இல்லை. இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்த பேமிற். பேமிற் காணியை வைத்து வங்கியில் பெரிய கடன் எடுக்க முடியாது, அரசாங்கத்தின் சம்மதம் இல்லாமல் விற்கவும் முடியாது. ஆக முதலீடு வெளியில் இருந்து வரும், சம்மதம் மேலே இருந்து வரும், விவசாயி கடைசியில் ஒரு கையெழுத்து. அதுவும் கேட்டால்தான்.

உழுகிறவர் ஒருவர், ஒப்பமிடுகிறவர் வேறொருவர்

இந்த விசயத்தில் ஒருவரும் தொடாத ஆள் குத்தகைக்காரர். வன்னியிலும் மட்டக்களப்பிலும் எத்தனை வயலை அதன் உரிமையாளரே செய்கிறார்? உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். செய்கிறவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்திருப்பார். எழுத்து ஒன்றும் இருக்காது. "அடுத்த வருசமும் நீயே செய்" என்ற வாய்ச்சொல்தான் அவருடைய ஒப்பந்தம்.

இப்போது கொம்பனி வந்து ஏக்கருக்கு வருடம் இவ்வளவு வாடகை என்று உரிமையாளருக்கு மின்னஞ்சல் போடுகிறது என்று வையுங்கள். குத்தகைக் காசைப் போல சில மடங்கு. இருபது வருடத்துக்கு. சண்டை சச்சரவு இல்லை, மாதம் மாதம் வங்கிக்கு வரும். எந்த உரிமையாளர் வேண்டாம் என்பார்? குத்தகைக்காரரைக் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. கீழே நெல் செய்ய ஆள் வேண்டும் என்று சட்டம் சொன்னால், கொம்பனி நாட்கூலிக்கு ஆள் பிடிக்கும். நேற்று வரை கமக்காரர், இன்றைக்கு அதே வயலில் கூலியாள். நெல் விளைகிறது, கரண்ட் வருகிறது, ஆவணப்படத்தில் எல்லாம் வடிவாக இருக்கும்.

இது என் கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 1958இல் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டம் கொண்டுவந்தார். குத்தகைக்காரரைப் பாதுகாப்பதுதான் நோக்கம். நடந்தது என்ன? பல இடங்களில் காணிக்காரர்கள் குத்தகைக்காரரை வெளியேற்றினார்கள், பதிய விடாமல் தடுத்தார்கள், "இவர் என்ர கூலியாள்" என்று எழுதினார்கள். குத்தகைக்காரர் சட்டத்தில் மட்டும் பலசாலி ஆனார். இப்போதுள்ள 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தருகிறது. நெற்காணியை நெல்லைத் தவிர்ந்த வேலைக்கு மாற்றுவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் பதிவில் பெயர் இல்லாத ஆளுக்கு அந்தச் சட்டத்தால் என்ன? "நெல்லும் இருக்குத்தானே, அப்ப காணி மாற்றம் இல்லைத்தானே" என்று ஒரு கொம்பனி வாதாடினால் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கா? 2000இல் அதை எழுதின ஆட்கள் நெல்லுக்கு மேலே ஒரு மின்நிலையத்தை நினைத்திருக்க மாட்டார்கள். அந்த ஓட்டையை நாங்கள் அடைக்கச் சொல்லாவிட்டால் வேறு ஆட்கள் அதுக்குள்ளால நுழைவார்கள்.

"ஒண்டுமே வேண்டாம்" என்பவர்களுக்கு

இனி எங்கட பக்கத்து ஆட்களோடு சண்டை. இரண்டாவது பதிலைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் என் நண்பர்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருக்கு. சம்பூரைப் பாருங்கள். 2006இல் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வரப் பத்து வருடம் போனது. அதற்கிடையில் அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்து 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலார் திட்டத்தை இந்தியப் பிரதமரும் இலங்கை சனாதிபதியும் சேர்ந்து தொடக்கிவைத்தார்கள். நிலக்கரி போய்ச் சோலார் வந்தது நல்லதுதான். ஆனால் காணியைப் பற்றி ஊர்ச்சனம் கேட்ட கேள்வி அப்படியே இருக்க, எரிபொருள் மட்டும் மாறினால் கோபம் வராதா? மன்னாரில் 2025இல் காற்றாலைக்கு எதிராகச் சனம் றோட்டுக்கு வந்ததற்கும் இதுதான் அடி.

சரி. ஆனால் தோழர்களே, கோபம் ஒரு வேலைத்திட்டம் ஆகாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது மெழுகுதிரியில் படித்த தலைமுறை நாங்கள். டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல் கடலில் நின்றதைப் பார்த்தோம். அந்த நாட்டுக்கு வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம் என்றால், எங்கள் பதில் நிலக்கரியா?

"வயல் புனிதம், அதில் இரும்பு நடக் கூடாது" என்ற பேச்சும் எனக்கு ஒத்துவராது. வயலைப் புனிதம் என்று எழுதுகிற எங்களில் எத்தனை பேர் வயல் செய்கிறோம்? செய்கிற ஆட்களைக் கேளுங்கள். 2021இல் ஒரே இரவில் உரத்தை நிறுத்தியபோது விளைச்சல் போனது. அறுவடை நேரம் நெல் விலை விழும், வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை, கடன்காரன் வாசலில் நிற்பான், வந்த விலைக்கு விற்க வேண்டும். "வயல் செய்து ஆர் உருப்பட்டது? நீ படிச்சு வேலைக்குப் போ" என்று எங்களை வளாகத்துக்கு அனுப்பின தாய் தகப்பன் கனபேர் கமக்காரர்தான். அவர்களுக்கு மாதாமாதம் நிச்சயமாக வருகிற ஒரு வருமானம் அந்த வயலிலேயே கிடைக்குமென்றால், வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? நெல்லுக்கு மேலே சோலார் என்பது சரியான கையில் இருந்தால், விவசாயியை வயலில் வைத்திருக்கக்கூடிய ஒன்று. பிழையான கையில் இருந்தால் அதே பனல் அவரை வயலை விட்டு எழுப்பும்.

கேட்க வேண்டியது என்ன

"வேண்டாம்" என்று கத்துவதை விட, இன்ன இன்ன நிபந்தனையோடு வேண்டும் என்று கேட்பது கஷ்டம். ஆனால் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று. முதலில் கூரை. நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியங்கள், அரிசி ஆலைகள், பாடசாலைகள், அரச கட்டடங்கள் எல்லாவற்றின் கூரையும் நிரம்பின பிறகு வயலைப் பற்றிக் கதைப்போம். சண்டையில் உள்ள காணி, படையும் திணைக்களங்களும் பிடித்துவைத்திருக்கிற காணி, சனம் திருப்பிக் கேட்கிற காணி எதிலும் இந்தப் பரிசோதனை கூடாது. காணிப் பிரச்சினையை மூடுகிற போர்வையாகச் சோலார் வரக் கூடாது.

இரண்டு. இங்கே விதைத்துப் பார்க்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 2020இல் அந்த வளாகத்தில்தான் நீரில் மிதக்கிற 46 கிலோவாட் சோலார் தொகுதி ஒன்றை நிறுவினார்கள். நீரில் வைத்தவர்களுக்கு நெல்லுக்கு மேலே வைக்கத் தெரியாதா? காலபோகம், சிறுபோகம் இரண்டிலும், குறைந்தது மூன்று வருடம், நிழல் அளவை மாற்றி மாற்றி விதைத்து, முடிவைத் தமிழில் வெளியிடட்டும். அதற்கு முதல் ஒரு ஏக்கர் வயலுக்கும் அனுமதி இல்லை.

மூன்று. விளைச்சலுக்கு ஒரு அடிமட்டம் சட்டத்தில் வேண்டும். பக்கத்து வயலோடு ஒப்பிட்டு, கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து ஒவ்வொரு போகமும் அளக்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் பனலைக் கழற்றுகிற செலவு கொம்பனிக்கு. அந்தக் காசைத் தொடக்கத்திலேயே வைப்பில் இட வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு வயலில் இரும்பையும் கொங்கிறீட்டையும் விட்டுவிட்டுக் கொம்பனி காணாமல் போனால், துப்புரவாக்குவது யார்?

நான்கு. செய்கிறவருடைய கையெழுத்து. உரிமையாளர் மட்டும் ஒப்பமிட்டால் செல்லாது. கடைசி ஐந்து வருடம் அந்த வயலைச் செய்தவர், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தில் மூன்றாம் தரப்பாக இருக்க வேண்டும். அவருக்கு நிலையான வாடகை வேண்டாம். பணவீக்கம் அதைத் தின்றுவிடும் என்பதை 2022 எங்களுக்குப் படிப்பித்தது. விற்கிற ஒவ்வொரு யுனிட்டிலும் வீதம் வேண்டும். பெண் தலைமைக் குடும்பங்களில் காணி செத்துப்போன அல்லது காணாமலாக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

ஐந்து. கரண்ட் எடுக்காத நாளின் நட்டம் யாருக்கு? 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க இருண்டது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குள் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. பகலில் பாவனை குறைந்து சோலார் மிஞ்சினால் மின்வலையமைப்புத் தாங்காது என்பது காரணம். வயல்களிலும் பனல் வந்தால் இந்தச் சிக்கல் கூடும். பற்றரி இல்லாமல், அந்தச் செலவை யார் ஏற்பது என்று சொல்லாமல் எழுதுகிற ஒப்பந்தத்தில், 'இன்றைக்கு எடுக்கேல்லை' என்ற நட்டம் கடைசியில் விவசாயியின் வீதத்தில்தான் கழியும்.

ஆறு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பனல் யாருடையது? கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ பெரும்பங்கு வைத்திருக்கிற திட்டங்களுக்கு முதல் உரிமை கொடுக்க வேண்டும். அரச வங்கிகள் அதற்குக் கடன் கொடுக்க வேண்டும், நீண்டகால மின் கொள்வனவு ஒப்பந்தத்தையே பிணையாக ஏற்க வேண்டும். "கமக்காரருக்கு மின்நிலையம் நடத்தத் தெரியுமா" என்று சிரிக்காதீர்கள். சப்ரகமுவவிலும் ஊவாவிலும் 1990களில் இருந்து கிராமத்துச் சனம் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஓடைத் தண்ணீரில் சின்னச் சின்ன நீர்மின் நிலையங்களைத் தாங்களே நடத்தினார்கள். மின்சார சபையின் கம்பி போகாத மலைக்கிராமங்களுக்கு வெளிச்சம் கொடுத்தது அந்தச் சங்கங்கள்தான். சிங்களக் கிராமங்களில் நடந்ததால் எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தலைமுறையாக நடத்தின யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் செய்ய ஏலாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. முழு ஏக்கரும் மூட வேண்டிய அவசியமும் இல்லை. கால் ஏக்கரில் தொடங்கலாம். நீர்ப்பம்பிக்கும் ஊர்க் களஞ்சியத்துக்கும் போதுமான அளவில் தொடங்கலாம்.

இப்ப, கையெழுத்துக்கு முதல்

நெல் வயலில் சோலார் இன்னும் எங்கட ஊர்களில் பெரிய அளவில் வரவில்லை. வராதபடியால் கதைக்கத் தேவையில்லை என்று நினைப்பது பிழை. முத்துநகரில் சனம் றோட்டுக்கு வந்தபோது காணியைப் பற்றின தீர்மானம் ஏற்கனவே எடுத்தாயிற்று. எங்கட எதிர்ப்பு எப்போதும் பெக்கோ வந்த பிறகுதான் தொடங்குகிறது. இந்த விசயத்தில் கொஞ்சம் முந்தலாம்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு ஊரில் ஒரு துண்டு வயலாவது இருக்கும், அல்லது வயல் செய்கிற ஒரு மாமா, ஒரு பெரியப்பா இருப்பார். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது இரண்டு விசயம் கேளுங்கள். அந்த வயலின் காகிதம் யாருடைய பெயரில் இருக்கு? கமநல சேவை நிலையத்துப் பதிவில் செய்கிறவராக யாருடைய பெயர் இருக்கு? இரண்டும் வேறு வேறு என்றால், அல்லது இரண்டாவது இடம் வெறுமையாக இருந்தால், பதிவிக்கிற வேலையை இந்தப் போகத்திலேயே தொடங்குங்கள். படிவம் நிரப்ப, கடிதம் எழுத, அலுவலகத்தில் பேச எங்களுக்குத் தெரியும். கலைப்பீடத்தில் படித்ததால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கிற ஆட்களுக்கு ஒரு பதிலும் ஆகும்.

கொம்பனி வரும்போது கையில் வரைபடத்தோடும் வழக்கறிஞரோடும் வரும். அப்போது வரம்பில் நிற்கிற ஆளின் கையிலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.